நானூறு பேருக்கு மட்டும் சமைக்கத் தெரிந்தவள்

நகராட்சிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நானூறு பேரும் மதியச் சாப்பாட்டை அவள் கையால்தான் சாப்பிடுகிறார்கள். அவளைக் கட்டிக்கொண்ட மனுஷர் மட்டும் தானே பொங்கித் தானே தின்கிறார். கேட்டவர்களெல்லாம் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

கல்யாணமான புதிதில் அவளும் வீட்டில் சமைத்துப் பார்க்கத்தான் செய்தாள். அரிசி இரண்டு பேருக்கு விழுந்தது, உப்பு பள்ளிக்கூடத்துக்கே விழுந்தது. மறுநாள் உப்புக்குப் பயந்து உப்பே போடவில்லை. அதற்கு மறுநாள் மிளகாய். மனுஷர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்காமல் சாப்பிட்டு எழுந்து, நாளையிலிருந்து அடுப்பங்கரை தன் பொறுப்பு என்று அறிவித்தார். அதில் கோபம் ஒன்றுமில்லை, வெறும் உயிர்பயம்தான்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அண்டாம்மா. பாத்திரம் கழுவத்தான் அந்தச் சமையல்கூடத்துக்குள் போனாள். ஒருநாள் தலைமைச் சமையல்காரர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததை யாராவது கிண்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவள் கரண்டியை வாங்கினாள். அவர் திரும்பி வரவில்லை, இவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் நகராட்சிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். மன்ற உறுப்பினர்களுக்கென்று தனியாக இருக்கிற லிஃப்ட் அது. சாம்பல் நிறச் சட்டை, ஒரு முக்காலி, கதவைத் திறந்து மூடுகிற கை. வேலைக்குச் சேர்ந்த அன்றே மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: இந்தப் பெட்டிக்குள் உனக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது. மனுஷர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எத்தனையோ உறுப்பினர்கள் வந்தார்கள், தோற்றார்கள், மறுபடி வந்தார்கள். "எத்தனாவது மாடி?" என்பதைத் தாண்டி இவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

ஒரே ஒருமுறை வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனபோது, சன்னல் கம்பிக்கு வெளியே நின்று அவளை வேலையில் பார்த்திருக்கிறார். சாவியைக் கொடுக்க மறந்துபோய் நின்றுவிட்டார். ஆவிக்கு நடுவில், முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, மரப்பலகை மேல் ஏறி நின்றுகொண்டு, தன் உயரத்துக்கு இருந்த துடுப்பால் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். புகை இழுக்கிற விசிறி இரண்டும் போட்ட இரைச்சலை மீறி உதவிக்காரப் பெண்கள் இருவருக்கும் குரல் கொடுத்தாள். கீரையை அள்ளி அள்ளிப் போட்டாள். ஒரு மலையே உள்ளே போய்ச் சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆனது. உப்பை எந்தக் கரண்டியிலும் அளக்கவில்லை. கையை விரித்து ஒரு வீச்சு வீசினாள், கொஞ்சம் நின்று ஆவியை முகர்ந்தாள், இன்னும் கால்பங்கு வீச்சு. அவ்வளவுதான். வீட்டில் வெந்நீர் வைக்கும்போதுகூடத் தடுமாறுகிற பெண்பிள்ளையா இது என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பார்க்கிற கூச்சம் வந்து, சாவியை வாசலில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம், நாளைக்கு ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொண்டுவாயேன் என்று கேட்டுப் பார்த்தார். அவள் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தாள். அது பிள்ளைகள் பங்கு, அதில் ஒரு கை எடுத்தால் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு கை குறையும் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அவர் தன் ரசனைக்குத் தானே வெங்காயம் வதக்கிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

செய்தி அவருக்கு லிஃப்டில்தான் கிடைத்தது. இரண்டு உறுப்பினர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். பள்ளிக்கூடச் சமையல்கூடங்களை எல்லாம் மூடிவிடப் போகிறார்களாம். தூரத்துத் தொழிற்சாலை ஒன்றில் சமைத்து, உறைய வைத்து, பிளாஸ்டிக் தட்டில் மூடி ஒட்டி, குளிர்பதன லாரியில் வருமாம். சூடாக்கி நீட்டினால் போதும். பேசியவர்களில் ஒருவர், எதற்கெடுத்தாலும் "விதிமுறைப்படி" என்று ஆரம்பிக்கிறவர். மனதுக்குள் இவர் அவருக்கு வைத்திருந்த பெயரே விதிமுறை. அந்த விதிமுறை அடுக்கிய காரணங்களும் தள்ளிவிடுகிற மாதிரி இல்லை. கூரை ஒழுகுகிறது, ஒரு பள்ளியில் நன்றாக இருக்கிற சாப்பாடு அடுத்த பள்ளியில் வாயில் வைக்க முடியவில்லை, தட்டு என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி.  காது கிடையாது என்று சொல்லிவைத்த லிஃப்ட்காரரின் காது முழுவதையும் கேட்டுவிட்டது.

எப்படிச் சொல்வது என்று சில நாள் மென்று விழுங்கினார். கடைசியில் வெங்காயம் நறுக்கும்போது சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிடலாம் பாருங்கள்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"காய்த்தோலெல்லாம் எங்க போகும்?"

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். ஊரின் ஓரத்தில், ஏரிக்கரையில் இருக்கிற தோட்டக்காரர் விடிவதற்குள் காயைப் பறித்து, மூன்று சக்கர வண்டியில் போட்டு மிதித்துக்கொண்டு வருகிறார். காயை இறக்கிவிட்டு, முந்தின நாள் தோலையும் காம்பையும் ஏற்றிக்கொண்டு போகிறார். அது அங்கே மக்கி, திரும்பக் கீரையாகவும் பூசணியாகவும் அவள் அண்டாவுக்கே வருகிறது. சமையல்கூடத்தை மூடினால் தோட்டக்காரர் வண்டி நிற்கும், அந்த மண்ணுக்குச் சாப்பாடு நிற்கும். ஏரிக்கரையில் விளைகிறதை விட்டுவிட்டு, எங்கேயோ விளைந்ததைப் பனிக்கட்டியாக்கி லாரியில் புகை விட்டுக்கொண்டு கொண்டுவருவார்களா? ஏற்கெனவே வெயில் வருஷத்துக்கு வருஷம் மண்டையைப் பிளக்கிறது, பிள்ளைகள் மதியத்தில் மயங்கி மயங்கி விழுகிறார்கள், அந்தச் சூட்டை இன்னும் ஏற்றுவதற்கு வேலை மெனக்கெட்டு ஒரு தீர்மானமா? இதையெல்லாம் மூச்சுவிடாமல் கேட்டாள். அவர் கத்தியும் கையுமாக அப்படியே நின்றார். இத்தனை நாள் இவள் சோறு பொங்குகிறாள் என்று நினைத்திருந்தார். இவள் ஒரு சக்கரத்தையே சுற்றிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்க தினமும் தூக்கிட்டுப் போற ஆளுங்கதானே அவங்க. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள்.

 தன்னால் முடியாது, அந்தப் பெட்டிக்குள் நுழைந்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. அவள் வற்புறுத்தவில்லை. சரி, நானே வருகிறேன் என்றாள்.

வரலாம் என்றுதான் விதியும் இருந்தது. தீர்மானத்துக்கு முன், அதை முடிவு செய்கிற உறுப்பினர் குழுவிடம் பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம். அந்தக் குழுவின் தலைவி, முகத்தில் சிரிப்பு என்பதையே யாரும் பார்த்திராத அம்மாள், ஆனால் நியாயஸ்தர். சும்மா பேசிக் கலைய வேண்டாம், இரண்டு தரப்பும் சாப்பாட்டு மாதிரி கொண்டுவாருங்கள், உறுப்பினர்கள் ருசி பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். குறித்த நாளும் பள்ளிக்கு மட்டும் ஒருநாள் விடுமுறை விட்ட நாளில் விழுந்தது.

லிஃப்ட்காரர் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னார். உறுப்பினர்கள் எட்டே பேர். கையில் தூக்குகிற அளவுக்கு ஒரு பாத்திரம் போதும். அவளும் முந்தின நாள் சாயங்காலம் வீட்டு அடுப்பில் ஒத்திகை பார்த்தாள். பருப்பு, கீரை, பூசணி, கேரட் எல்லாம் சோற்றோடு சேர்ந்து வேகிற சாப்பாடு, பள்ளியில் பிள்ளைகள் இரண்டாம் முறை வரிசையில் நிற்பது அதற்குத்தான். அவர் ஒரு கவளம் வாயில் வைத்தார். பொய் சொல்லப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

அவளே வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தள்ளிவைத்தாள்.

"சின்னதா செஞ்சா அது என் சமையல் இல்லீங்க. வேற யாரோ செஞ்சத எடுத்துட்டுப் போயி என்னோடதுன்னு நீட்டினா அது பொய்யில்லையா?"

அவள் பயந்து பேசி அவர் அன்றுதான் பார்த்தார். அந்த அடுப்பு அணைந்துவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று யோசித்தார். யோசனை அதற்கு மேல் போக மறுத்தது.

மறுநாள் முற்பகல், கட்டடத்தின் பின்வாசலில் ஏதோ சத்தம் என்று காவலாளி வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் தோட்டக்காரரின் மூன்று சக்கர வண்டி, அதன்மேல் ஆவி விட்டுக்கொண்டு இரண்டு அண்டா. பின்னால் சாக்கு சாக்காகத் தட்டுகள். வண்டியைத் தள்ளிவந்த உதவிக்காரப் பெண்களுக்கு மூச்சு வாங்கியது. அண்டாம்மா பூட்ஸோடு நின்றிருந்தாள்.

"எட்டுப் பேருன்னு சொன்னேனே" என்றார் இவர், ஈனஸ்வரத்தில்.

"எனக்கு வர்றது இதுதான்" என்றாள். தட்டுகள் எதற்கு என்று கேட்டார். அண்டா கிளம்பினால் கூடவே தட்டும் கிளம்பும், அது அவளுக்குப் பழக்கம். யோசித்து ஏற்றியதில்லை.

கூட்டம் நாலாவது மாடியில். சாமான் ஏற்றுகிற லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. படியில் அந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு போக யானைதான் வரவேண்டும். மிச்சம் இருந்தது உறுப்பினர் லிஃப்ட் ஒன்றுதான். அதில் உறுப்பினர்களைத் தவிர ஈயைக்கூட ஏற்றியதில்லை என்பது அவர் பெருமை. அவளைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, அண்டாவின் மூடியைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தாள். கதவை அகலத் திறந்தார்.

முதல் அண்டா உள்ளே போனதும் வந்து சேர்ந்தவர் விதிமுறை. வேறு யாராக இருக்கும்? இது உறுப்பினர்களுக்கான லிஃப்ட் ஆயிற்றே என்றார். படியைப் பார்த்தார், தன் முழங்காலையும் பார்த்துக்கொண்டார். பிறகு வயிற்றை எக்கிக்கொண்டு அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தார். லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. மூடியின் இடுக்கில் வந்த ஆவி அவர் மூக்குக்கு நேராகப் போயிற்று. மூன்றாவது மாடி தாண்டும்போது, லிஃப்ட்காரர் கதவைப் பார்ப்பதுபோல் நின்ற சமயத்தில், விதிமுறை மூடியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

கூட்டத்தில் முதலில் அந்தப் பிளாஸ்டிக் தட்டுச் சாப்பாட்டு நிறுவனத்தின் அதிகாரி பேசினார். நன்றாகவே பேசினார். படம் காட்டினார், பளபளவென்று தட்டுகள் வந்தன, உறுப்பினர்கள் சாப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள். பாதகமில்லை என்கிற தலையாட்டல். அப்புறம் அண்டாம்மாவைக் கூப்பிட்டார்கள். விசிறி இரைச்சலில் பழகிய குரல். மைக்கில் "வணக்கம்" என்றதும் மைக் வீல் என்று அலறியது. உறுப்பினர்கள் காதைப் பொத்தினார்கள். மைக்கைத் தள்ளிவைத்தாள். தோலைப் பற்றி, ஏரிக்கரையைப் பற்றி, வெயிலைப் பற்றிச் சொல்ல வந்தது அத்தனையும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.  கடைசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"எனக்குப் பேச வராதுங்க. சாப்பிட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

எட்டுத் தட்டு பரிமாறினாள். அண்டாவில் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அடுத்த அண்டா திறக்கவே இல்லை. அவள் உள்ளே பார்த்தாள், தலைவியைப் பார்த்தாள். மிச்சத்தைக் கொட்ட எனக்கு மனசு வராது, வெளியே இருக்கிறவங்களுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். தலைவிக்கு வாயில் சாப்பாடு. கையை மட்டும் அசைத்தார்.

அந்த அசைவு போதும். இரண்டு அண்டாவும் தாழ்வாரத்துக்கு நகர்ந்தன. மூடிகள் திறந்தன. அவள் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற அதே குரலில், "வரிசையா வாங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். நாலு மாடிக்கும் கேட்டது.

அப்புறம் நடந்ததை லிஃப்ட்காரர் சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை. மணம் ஏற்கெனவே லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கட்டடம் பூராவும் சுற்றியிருந்தது. பிறப்புச் சான்றிதழுக்குக் காலையிலிருந்து கால்கடுக்க நின்றவர்கள் வந்தார்கள். தண்ணீர் வரி கட்ட வந்தவர்கள், எழுத்தர்கள், ஓட்டுநர்கள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துப்புரவுப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், தட்டு நிறுவனத்தின் லாரியை ஓட்டிவந்தவர்கூட வந்தார். தாழ்வாரம் நிறைந்து, படி நிறைந்து, வரிசை கீழ்வாசல் வரை இறங்கிற்று. நடக்க முடியாதவர்களை லிஃப்ட்காரர் தன் லிஃப்டிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார், யாரையும் கேட்கவில்லை. படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எப்போதும் சண்டையும் மணிச்சத்தமும் கேட்கிற அந்தக் கட்டடத்தில் தட்டில் கைபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.  "தட்டை நீங்களே கழுவி வைங்க" என்று அவள் குரல் கொடுக்க, கணக்கு அதிகாரி ஒருவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, குழாயடியில் மறுபேச்சில்லாமல் நின்றார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து பார்த்தார்கள். 

அண்டா வழித்துத் துடைத்தாற்போல் ஆனபோது அவள் ஒரு தட்டை அவர் கையில் கொடுத்தாள். இன்றைக்குப் பிள்ளைகள் வரிசை இல்லை, யார் பங்கும் குறையாது. லிஃப்டின் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பூசணி பூசணியாக இனித்தது, கீரை கீரையாக இருந்தது, உப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் எங்கும் இருந்தது. சாதாரணச் சாப்பாடுதான்.  தன்னோடு ஒரே கூரையின் கீழ் இவ்வளவு பெரிய ஒன்று இருந்திருக்கிறதே என்று பிரமித்துப்போய், கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றார்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் சற்று இடைவேளை விட்டார்கள். தலைவி தனியாக லிஃப்டில் ஏறினார். கீழே போய்க் காற்று வாங்கவேண்டும் போல. கதவு மூடியது. பாதி வழியில், திரும்பாமலே கேட்டார்.

"அவங்க உங்க வீட்டுக்காரின்னு சொல்றாங்களே. வீட்டுலயும் இப்படித்தான் சமைப்பாங்களா?"

அந்தப் பெட்டிக்குள் அவரை இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. நாக்கு மேலே ஒட்டத்தான் பார்த்தது. பிய்த்து எடுத்தார்.

"வீட்டுல நான்தாம்மா சமைக்கிறேன். அவ கையால நல்ல சோறு நான் இன்னைக்குத்தான் சாப்பிட்டேன்."  கை தானாகக் கதவுப்பிடியை இறுக்கிக்கொண்டது. "ஒருதடவை சாப்பிட்ட எனக்கே இப்படி இருக்குதே. தினமும் சாப்பிடுற பிள்ளைங்க கிட்டேருந்து இத எடுத்துறாதீங்கம்மா. கூரை ஒழுகினா கூரையைச் சரி பண்ணிக் குடுங்க. அடுப்பை அணைக்காதீங்க."

கீழ்த்தளம் வந்தது. கதவைத் திறந்தார். தலைவி இறங்கவில்லை. மேலே போங்கள் என்றார்.

விதிமுறை கடைசிவரை மல்லுக்கட்டினார். ஒருநாள் விருந்து வேறு, தினப்படித் திட்டம் வேறு என்றார். அதிலும் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. சமையல்கூடங்கள் இருக்கட்டும் என்கிறவர்களைக் கைகளைத் தூக்கச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவியின் கை முதலில் எழுந்தது. அப்புறம் அங்கொன்று இங்கொன்று. விதிமுறையின் கை எழவில்லை, ஆனால் எழுந்த கைகளே அதிகம். தலைவி தீர்மானத்தைப் படித்தார். மேற்படி சமையல்கூடங்களை மூடும் முன்மொழிவு ஏற்கப்படவில்லை, பழுதுபார்ப்புக்கு ஒதுக்கீடு பரிந்துரைக்கப்படுகிறது, உள்ளூர்த் தோட்டங்களிலிருந்து காய்கறிகளைக் கொள்முதல் செய்வது ஏனைய பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்படும் என்று போய்க்கொண்டே இருந்தது.

அண்டாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தோற்றுவிட்டாள் என்றே தோன்றும். மண்டபத்துக்குள் திரும்பக் கொண்டுவந்திருந்த காலி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய குரலை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக் கேட்டாள்.

"அப்ப நாளைக்கு நான் அடுப்பு பத்த வைக்கணுமா, வேண்டாமா?"

தலைவி காகிதத்தைக் கீழே வைத்தார்.

"பத்த வைங்கம்மா."

காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்காராதவள், அப்போதுதான் கால் மடிந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் அழுது லிஃப்ட்காரர் பார்த்ததே இல்லை. கூட்டம் கலைந்து, உறுப்பினர்கள் இறங்குவதற்காக லிஃப்ட் வாசலில் வந்து நின்றார்கள், லிஃப்ட்காரர் எங்கே என்று யாரோ கேட்டார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, தான் ஒருநாளும் வாசலைத் தாண்டி நுழைந்திராத அந்த மண்டபத்துக்குள் நேராக நடந்து போய், அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.